சேலையைப் பார்க்க ரயில் ஏறலாமா? விழுப்புரம், திண்டிவனத்தில் இருந்து ஆடைக் கண்காட்சிப் பயணம்: திட்டமிடுவது எப்படி?

கோயிலுக்கு டூர் போகிறோம், ஊட்டிக்குப் போகிறோம். ஆனால், 'மியூசியத்துல சேலை வச்சிருக்காங்களாம், பார்த்துட்டு வரலாம்' என்று வீட்டில் சொல்லிப் பாருங்கள். 'நம்ம பீரோவுல இல்லாத சேலையா?' என்றுதான் பதில் வரும்.

உலகம் முழுக்க இதற்காகவே ஊர் விட்டு ஊர் போகிறவர்கள் இருக்கிறார்கள். லண்டனின் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் 2015-ல் நடந்த அலெக்சாண்டர் மெக்வீன் ஆடைக் கண்காட்சியை 4.93 லட்சம் பேர் பார்த்தார்கள். கூட்டம் தாங்காமல் கடைசி இரண்டு வார இறுதிகளில் விடிய விடியத் திறந்து வைத்தார்கள். இந்தியாவிலும் இந்த ஆர்வம் கூடி வருகிறது. மும்பையில் உள்ள நீத்தா முகேஷ் அம்பானி கலாச்சார மையம் 2023-ல் திறக்கப்பட்டபோது, 'இந்தியா இன் ஃபேஷன்' என்ற ஆடைக் கண்காட்சியும் கூடவே தொடங்கியது. அதே ஆண்டு லண்டன் டிசைன் மியூசியம் சேலைக்கென்றே ஒரு கண்காட்சி நடத்தியது.

மும்பை கண்காட்சி சுமார் 2 மாதங்களில் முடிந்தது. லண்டன் சேலைக் கண்காட்சி 4 மாதங்கள். பயணத் திட்டம் போடுகிறவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

ஏன் சில மாதங்கள் மட்டும்?

கற்சிலை நூறு ஆண்டுகள் ஒரே இடத்தில் நிற்கும். துணி அப்படி நிற்காது. வெளிச்சம் பட்டால் சாயம் வெளுக்கும், இழை இற்றுப்போகும். வெளுத்த நிறம் திரும்ப வராது. பட்டுக்கு இன்னும் சிக்கல். ஜரிகை கனமாக இருந்தால் தன் பாரத்தாலேயே கிழியும்.

அதனால் துணி இருக்கும் அரங்குகளில் வெளிச்சத்தைச் சுமார் 50 லக்ஸ் அளவுக்குள் வைப்பது அருங்காட்சியகங்களின் பொதுவான நடைமுறை. இது நம் வீட்டு ஹாலில் இருக்கும் வெளிச்சத்தைவிடக் குறைவு. அப்படியும் சில மாதங்களில் துணியை எடுத்து இருட்டறைக்கு அனுப்பிவிடுவார்கள். அதே சேலை மறுபடி வெளியே வர ஆண்டுக்கணக்கில் ஆகலாம். 'அடுத்த லீவுல பார்த்துக்கலாம்' என்பது இங்கே செல்லாது.

நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

பழைய பருத்தித் துணிகளில் தெரியும் அடர் நீலம், அவுரி இலையில் இருந்து எடுத்த சாயம். இலையைத் தொட்டித் தண்ணீரில் ஊறவைத்துப் புளிக்கவிட்டு, அந்தத் தண்ணீரைக் காற்றுப் படும்படி அடித்துக் கலக்கினால் நீலம் அடியில் படியும். அதை வடிகட்டிக் காயவைத்தால் நீலக்கட்டி தயார்.

விழுப்புரமும் திண்டிவனமும் சேர்ந்திருந்த பழைய தென்னார்க்காடு மாவட்டம், அவுரிக்குப் பேர்போனது. அவுரி நீலம் தோய்த்த துணி, பிரெஞ்சு வணிகர்கள் மூலம் புதுச்சேரியில் இருந்து மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் வரை போனது. 1897-ல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப் நிறுவனம் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டு வந்த பிறகு அவுரி வியாபாரம் படுத்துவிட்டது. ஆனாலும் திண்டிவனம் வட்டாரத்தில் அவுரி இன்றும் பயிராகிறது.

புதுச்சேரிக்குத் தெற்கே உள்ள அரிக்கமேட்டில் 1945-ல் அகழாய்வு செய்த மார்ட்டிமர் வீலர், அங்கே கிடைத்த செங்கல் தொட்டிகளைச் சாயத்தொட்டிகள் என்றே கருதினார். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் நீலத் துணி நமக்கு அந்நியமானது அல்ல.

எங்கே போகலாம்?

*ஒரே நாளில்:* சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகம். 1851-ல் தொடங்கப்பட்டது. ரயில் நிலையத்தில் இருந்து நடந்தே போகலாம். வெண்கலச் சிலைகள் அரங்கில், சோழர் காலச் சிலைகளின் இடுப்புத் துணி எப்படி மடித்துக் கட்டப்பட்டிருக்கிறது என்று நின்று பாருங்கள். தையல் இல்லாத உடுப்பின் பாடமே அதில் இருக்கிறது.

அடுத்தது, கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ரா. 1996-ல் திறக்கப்பட்ட இங்கே, காஞ்சிபுரம் பட்டு நெசவாளர் வீடு உள்ளிட்ட பழைய வீடுகளைப் பார்க்கலாம். விழுப்புரத்தில் இருந்து புதுச்சேரி போய், இ.சி.ஆர் வழியாகச் சென்னை செல்லும் பேருந்தைப் பிடிக்கலாம்.

*இரண்டு நாள்:* பெங்களூரு கஸ்தூர்பா சாலையில் 2023 பிப்ரவரியில் திறக்கப்பட்ட கலை மற்றும் புகைப்பட அருங்காட்சியகம். சுருக்கமாக 'மேப்'. இதன் சேகரிப்பில் துணிகளுக்குத் தனிப் பிரிவு உண்டு. திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி வழியாகப் பேருந்திலேயே போகலாம்.

*ஒரு வாரம்:* அகமதாபாத்தின் காலிகோ துணி அருங்காட்சியகம். 1949-ல் சாராபாய் குடும்பத்தினர் தொடங்கியது. இந்தியத் துணிகளுக்கு இதைவிடப் பெயர்பெற்ற இடம் நாட்டில் கிடையாது. முன்பதிவு கட்டாயம், ஒரு நாளைக்குச் சிலருக்குத்தான் அனுமதி, உள்ளே போட்டோ எடுக்க முடியாது. சென்னையில் இருந்து நவஜீவன் எக்ஸ்பிரஸில் போகவே ஒரு நாளுக்கு மேல் ஆகும் என்பதால், அனுமதி கிடைத்த பிறகு ரயில் டிக்கெட் எடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

*லண்டனில் பிள்ளைகள் இருந்தால்:* விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகம் 2025 மே மாதம் 'ஈஸ்ட் ஸ்டோர்ஹவுஸ்' என்ற தன் சேமிப்புக் கிடங்கையே மக்களுக்குத் திறந்துவிட்டது. சேகரிப்பில் இருந்து 5 பொருட்கள் வரை தேர்ந்தெடுத்து முன்பதிவு செய்தால், எடுத்து வைத்துக் காட்டுகிறார்கள். கட்டணம் இல்லை. கண்காட்சித் தேதியைத் தவறவிட்டவர்களுக்கு இது ஒரு நல்ல வழி.

திட்டமிடும்போது கவனிக்க வேண்டியவை

* முதலில் கண்காட்சியின் கடைசித் தேதி, பிறகு நுழைவு டிக்கெட், அதன்பிறகே ரயிலும் தங்குமிடமும். வழக்கமான டூருக்கு நேர் எதிரான வரிசை இது.
* வார விடுமுறை இடத்துக்கு இடம் மாறும். எழும்பூருக்கு வெள்ளி, தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய், மேப்புக்குத் திங்கள், காலிகோவுக்குப் புதன். கிளம்பும் முன் அவர்களின் இணையதளத்தில் ஒருமுறை சரிபார்க்கவும்.
* கடைசி வாரத்தைத் தவிர்க்கவும். கூட்டம் அப்போதுதான் நெரியும்.
* உங்கள் ரயில் எழும்பூர் வரை போகிறதா, தாம்பரத்தோடு நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளவும்.
* அரங்கில் வெளிச்சம் குறைவு. கண் பழகச் சில நிமிடங்கள் ஆகும். வயதானவர்களின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.
* ஃபிளாஷ் போட்டு எடுக்காதீர்கள். ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் போதும். பல இடங்களில் பேனாவுக்கு அனுமதி இருக்காது.

யார் போக வேண்டும்?

ஃபேஷன் டிசைன் படிக்கிற மாணவர்கள் மட்டும் போகும் இடம் என்று நினைக்க வேண்டாம். விழுப்புரம் பக்கத்தில் சிறுவந்தாட்டில் பட்டுத் தறி ஓடுகிறது. தெருவுக்குத் தெரு தையல் கடை இருக்கிறது. தறி இருக்கும் வீட்டில் வளர்ந்த ஒரு பெண், பழைய சேலை முன்னால் நின்றால் முதலில் விலையைக் கேட்க மாட்டாள். 'இந்தக் கரையை எப்படிக் கோத்தாங்க? ஒருத்தர் நெய்ததா, ரெண்டு பேரா?' என்றுதான் கேட்பாள். பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் குறிப்பில் பல நேரம் நெய்தவர் பெயர்கூட இருக்காது. அந்தக் கேள்விக்குப் பதில் தேட, அந்தப் பெண்ணும் அங்கே போயிருக்க வேண்டும். துணி இருட்டறைக்குத் திரும்புவதற்கு முன்பே.