பாதி மாங்கனீசு, மெல்லிய ரோஜா நிறம்

அர்ஜென்டினாவின் வடமேற்கே, கட்டமார்க்கா மாகாணத்தில் காப்பியீத்தாஸ் என்ற பழைய சுரங்கம் இருக்கிறது. செம்பும் தங்கமும் வெள்ளியும் தேடித் தோண்டிய அந்த மலைக்குள் உருண்டு திரண்ட கல்விழுதுகள் கிடைக்கின்றன. ஒன்றைக் குறுக்கே அறுத்தால், நறுக்கிய வெங்காயம் போல வளையத்துக்குள் வளையம்: அடர்ந்த ரோஜா, வெளிர் ரோஜா, இடையிடையே ஏறக்குறைய வெள்ளை. இந்தக் கனிமம்தான் ரோடோக்ரோசைட். அர்ஜென்டினாவின் தேசியக் கல். மக்கள் ‘இன்கா ரோஜா’ என்கிறார்கள்.

வேதியியல்படி இது மாங்கனீசு கார்பனேட். சுண்ணாம்புக்கல்லின் கால்சைட்டுக்கு நெருங்கிய உறவு. கால்சியம் அமரும் இடத்தில் இங்கே மாங்கனீசு. நிலத்தடி வெந்நீர் மாங்கனீசைக் கரைத்துக்கொண்டு பாறை விரிசல்களில் ஏறி, ஆறும்போது அதைச் சுவர்களில் படியவிடுகிறது. நீரில் கால்சியம் கூடியபோது படிந்த அடுக்கு வெளிறிவிடும். மாங்கனீசு மிகுந்த அடுக்கு சிவக்கும். அந்த நீரின் மாற்றங்கள் வளையங்களாக நிற்கின்றன.

என்னை வியக்க வைப்பது நிறம்தான். மாணிக்கத்தைச் சிவக்க வைக்கத் துளி குரோமியம் போதும். இந்தக் கல்லின் எடையில் ஏறத்தாழ 48 விழுக்காடு மாங்கனீசு. ஆனாலும் பெரும்பாலும் மெல்லிய ரோஜா நிறம்தான். மாங்கனீசு அயனியின் வெளி எலக்ட்ரான்கள் ஐந்தும் தனித்தனியே, ஒரே திசையில் சுழல்கின்றன. ஒளியை விழுங்க வேண்டுமானால் ஓர் எலக்ட்ரான் தன் சுழற்சியைத் திருப்பிக்கொள்ள வேண்டும். குவாண்டம் விதிகள் அதை எளிதில் அனுமதிப்பதில்லை. ஆகவே மிகச் சிறிதளவு ஒளியே உறிஞ்சப்படுகிறது. படிகம் பெரிதாகவும் தூய்மையாகவும் இருந்தால்தான் செக்கச்சிவப்பு.

அப்படியொரு படிகம் 1992-இல் அமெரிக்காவின் கொலராடோவில், ஸ்வீட் ஹோம் சுரங்கத்தில் கிடைத்தது. ‘ஆல்மா கிங்’ என்ற அந்தப் படிகம் டென்வர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதே சுரங்கத்தில் வெள்ளி தேடியவர்கள் ஒரு காலத்தில் இந்தக் கல்லைக் கழிவென்று ஒதுக்கினார்கள். 2002-இல் கொலராடோ இதைத் தன் மாநிலக் கனிமமாக அறிவித்தது.

மாங்கனீசுத் தாதுவாகவும் இதை வெட்டியெடுத்திருக்கிறார்கள். உலகில் எடுக்கப்படும் மாங்கனீசில் மிகப் பெரும்பங்கு எஃகுக்கே போகிறது. ஆனால் நகைக்கல்லாக இது மிக மென்மை: மோஸ் கடினத்தன்மை அளவில் 3.5 முதல் 4 வரை. கத்தி கீறும், அமிலம் அரிக்கும், மூன்று திசைகளில் எளிதாகப் பிளக்கும். வெளியில் நெடுங்காலம் கிடந்தால் மேற்பரப்பு ஆக்சைடாகிக் கறுக்கும். வாங்குபவர்கள் மோதிரத்தில் பதிக்காதீர்கள், பதக்கமாக அணியுங்கள்.