சோதித்துப் பார்க்கவும் உரிமம் வேண்டும்

2022 மார்ச்சில் இடுக்கி மாவட்டம் மூலமற்றத்தில் ஒரு தட்டுக்கடையில் மூண்ட வாய்த்தகராறு துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. சண்டைக்குச் சம்பந்தமே இல்லாமல் இருசக்கர வண்டியில் அந்த வழியே வந்த இளைஞர் செத்தார். மூன்று மாதம் கழித்து, மூணாறை ஒட்டிய போதமேட்டில் இரவு வேட்டைக்குப் போன கூட்டத்தில் ஒரு பழங்குடி இளைஞர் கூட்டாளியின் குண்டுக்கே பலியானார். போலீசுக்குப் பயந்து உடன் போனவர்கள் உடலைப் புதைத்துவிட்டார்கள்.

துப்பாக்கியைத் தேடுவதற்கு ஒரு காரணமும் உண்டு. பாலக்காட்டின் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து வயலானாலும் உடும்பன்சோலை ஏலத்தோட்டமானாலும் காட்டுப்பன்னி ஒரே ராத்திரியில் விளைச்சலைக் கிளறிப் போட்டுவிடும். அந்தக் கோபத்தில்தான் சிலர் லேத் பட்டறையையும், சுட்டுப்போட்ட தோட்டா உறையில் மருந்து நிரப்பித் தருபவரையும் தேடிப் போகிறார்கள். பிறகு தோட்டத்துக்குள்ளேயே இலக்கு வைத்து நாலு குண்டு சுட்டுப் பார்ப்பது. ‘நம்ம நிலம், நம்ம துப்பாக்கி, யாருக்கு என்ன?’ என்ற நினைப்பு.

சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-வது பிரிவு, துப்பாக்கியையோ தோட்டாவையோ செய்வது, விற்பது, மாற்றியமைப்பது, பழுதுபார்ப்பது ஆகியவற்றோடு சோதிப்பதையும் ஒரே வரிசையில் நிறுத்தி, எல்லாவற்றுக்கும் உரிமம் கேட்கிறது. தோட்டா தயாரிக்கும் கருவியும் அதன் பாகங்களும்கூட சட்டத்தின் ‘தோட்டா’ (ammunition) என்ற விளக்கத்துக்குள்ளேயே வந்துவிடுகின்றன. 2019 திருத்தத்துக்குப் பிறகு 5-வது பிரிவை மீறினால் குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் தண்டனை. கையில் வைத்திருக்கும் துப்பாக்கிக்கு உரிமம் உண்டு என்பதால், வீட்டிலேயே தோட்டா நிரப்பும் அனுமதியும் கிடைத்துவிட்டதாக அர்த்தமில்லை.

வழக்கை விடுங்கள், கண்ணும் கையும் என்ன ஆகும்? தோட்டாவுக்குள் போகும் மருந்து ஒவ்வொன்றும் எரியும் வேகம் வேறு. பட்டாசு மருந்தையோ பாறை வெடிமருந்தையோ அள்ளிப் போட்டால் அழுத்தம் குழல் தாங்கும் அளவைத் தாண்டிவிடும். தண்ணீர்க் குழாயை அறுத்துச் செய்த குழல் என்றால் வெடிப்பது சுடுபவரின் முகத்தருகே. மருந்து குறைந்தாலும் ஆபத்துதான்: குண்டு குழலுக்குள்ளேயே சிக்கி நிற்கும், அடுத்ததைச் சுடும்போது குழல் பிளக்கும். விசையை இழுத்தும் வெடிக்காவிட்டால் குனிந்து பார்க்காமல், ஆளில்லாத திசையிலேயே குழலை அரை நிமிடமாவது பிடித்திருக்க வேண்டும். சின்னஞ்சிறு .22 தோட்டாவே ஒன்றரை மைல் வரை பாயக்கூடியது. சுடுதளங்களில் இலக்குக்குப் பின்னால் மண்மேடு எழுப்புவது இதற்காகத்தான். மலைச்சரிவுத் தோட்டத்தில் அந்த மேடு எங்கே இருக்கிறது? கீழே தொழிலாளர் லயம் இருக்கும், பள்ளிக்கூடப் பாதை இருக்கும்.

நேர்வழி இல்லாமல் இல்லை. பலருக்கும் தெரியாத விஷயம், அதே சட்டத்தின் 13-வது பிரிவு உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்கு குழல் வாய்வழியே மருந்து திணிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் தர வழி செய்திருக்கிறது. அது போதாது என்று அதிகாரி கருதினால் 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் கொண்ட வழுவழுப்புக் குழல் துப்பாக்கிக்கும் உரிமம் தரலாம். குறிபார்த்துச் சுடும் ஆசை உள்ளவர் அங்கீகரிக்கப்பட்ட ரைபிள் கிளப்பில் உறுப்பினராகி .22 ரைபிளுக்கு விண்ணப்பிக்கலாம். 4.5 மில்லிமீட்டரைத் தாண்டிய குழல் வாயோ 20 ஜூல் அளவைத் தாண்டிய ஆற்றலோ இருந்தால் ஏர்கன்னுக்கும் உரிமம் தேவை.

பன்னித் தொல்லைக்கு விவசாயி துப்பாக்கியே வாங்க வேண்டியதில்லை. 2022 மே மாதம் கேரள அரசு, காட்டுப்பன்னியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கொடுத்தது. உரிமத் துப்பாக்கி வைத்திருப்பவரைக் கொண்டு பஞ்சாயத்தே சுட ஏற்பாடு செய்யும். விண்ணப்பிக்கும் முன் உத்தரவு இப்போது நடப்பில் உள்ளதா என்று கேட்டுக்கொள்வது நல்லது. விஷம், மின்சாரம், வெடி மூன்றுக்கும் அதில் இடமில்லை. 2020 மே மாதம் பாலக்காட்டு வெள்ளியாற்றில் நின்றபடியே உயிர்விட்ட கர்ப்பிணி யானையின் வாயைச் சிதைத்தது அப்படி வெடி வைத்த ஓர் அவுட்டுக்காய்தான்.

எல்லையோரத்துக்கென்று ஒரு தனிச் சிக்கலும் உண்டு. வீடு வேலந்தாவளத்தில், தோப்பு அந்தப் பக்கம் கோவை மாவட்டத்தில் என்று இருப்பவர்கள் ஏராளம். உரிமம் எந்தப் பரப்புக்குச் செல்லும் என்பது அந்தப் புத்தகத்திலேயே எழுதியிருக்கும். கேரளத்துக்கு மட்டும் என்றிருந்தால், வாளையாரையோ போடிமெட்டையோ தாண்டிய நிமிடமே அது உரிமமில்லாத ஆயுதம்.

விண்ணப்பத்தை மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கலாம். பொதுநலன் கருதி மறைத்தாலொழிய தந்தாக வேண்டும். சொத்து இல்லை என்பதை மட்டும் சாக்காகச் சொல்லி மறுக்க முடியாது. மேல்முறையீட்டுக்கு 30 நாள் அவகாசம். அப்பா வைத்திருந்த துப்பாக்கி அவர் காலத்துக்குப் பிறகு வீட்டில் கிடந்தால், பிள்ளை அதைத் தாமதமின்றி காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்கிவிட்டு, வாரிசு உரிமத்துக்கு மனுப் போட வேண்டும். வழக்கில் சிக்கிய பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் காவலில் இருப்பவர்களுக்கும் இலவச சட்ட உதவி உண்டு, எண் 15100.

குண்டடி பட்டவரைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய இடம் ஆஸ்பத்திரி. ‘போலீஸ் கேஸ், முதலில் எழுதிக்கொண்டு வா’ என்று எந்த மருத்துவரும் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது என 1989-ல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனை இரண்டையும் அது கட்டுப்படுத்தும்.