தாழ்த்து சுருள்வில்

தாழ்த்து சுருள்வில் என்பது தானுந்தின் உடற்பகுதியைச் சாலைக்கு நெருக்கமாக இறக்குவதற்காக, ஆலையில் பொருத்தப்பட்ட சுருள்வில்லை அகற்றிவிட்டு இடப்படும், உயரம் குறைந்த, விறைப்பு மிகுந்த சுருள்வில் ஆகும். நாள்தோறும் ஓட்டப்படும் விளையாட்டு வகைத் தானுந்துகளின் சஸ்பென்ஷனில் பலர் முதலில் செய்யும் மாற்றம் இது. தோற்றம் உடனே மாறுவதே இதற்கு முக்கியக் காரணம் எனலாம்.

சுருள்வில்லும், ஷாக் அப்சார்பர் எனப்படும் அதிர்வுத் தணிப்பியும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். வண்டியின் இயல்பு அதிர்வெண் வில் விறைப்பின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் கூடுகிறது. விறைப்பை 44 விழுக்காடு கூட்டினால் 1.25 எர்ட்சு 1.5 எர்ட்சாகும். பழைய தணிப்பியே இருந்தால் தணிப்பு விகிதம் ஏறத்தாழ 17 விழுக்காடு குறையும்; மேட்டைக் கடந்த வண்டி அடங்குமுன் கூடுதலாகத் துள்ளும். தேய்ந்த தணிப்பியாயின் நிலைமை இன்னும் மோசம்.

உயரம் குறையும்போது வில் அமுங்குவதற்கான இடமும் குறைகிறது. வளைவில் ஒரு பள்ளம் குறுக்கிட்டால் தணிப்பி தன் இரப்பர்த் தடுப்பில் மோதும். அக்கணத்தில் விறைப்பு திடீரென உயர்ந்து சக்கரம் பிடிப்பை இழக்கக்கூடும். மேலும், மெக்பெர்சன் தூண் வகை அமைப்பில் கீழ்க்கை மேல்நோக்கிச் சாய்வதால், உருள்மையம் புவியீர்ப்பு மையத்தைவிட அதிகமாக இறங்குகிறது. இதனால் விறைத்த வில்லுக்குரிய பயனில் ஒரு பகுதி வீணாகி, வண்டி எதிர்பார்த்ததைவிட அதிகமாகச் சாயும்.

வளைவுச் சாய்வைக் குறைப்பது மட்டுமே நோக்கமாயின், உயரத்தை மாற்றாத தடித்த நிலைப்படுத்து தண்டு போதுமானது. முன்சக்கர இயக்க வண்டிகளில் அதைப் பின்புறம் இடுவது வழக்கம்; ஆனால் அளவு மீறினால் ஈரச் சாலையில் பின்பகுதி வழுக்கும். சுருள்வில்லை மாற்றிய பின்னர்ச் சக்கரக் கோணங்களையும் முகப்பு விளக்குகளின் திசையையும் மீண்டும் சரிசெய்தல் வேண்டும்.