முதுகை வளைக்காதீர், முழங்காலை மடக்குங்கள்

தாய்மார்களே! "பிள்ளை உண்டானா இடுப்பு வலிக்கத்தானே செய்யும்" என்று சும்மா இருந்துவிடாதீர்கள்.

ஐந்து மாதக் கர்ப்பத்தை மறைத்து உதிரிப்பழச் சாக்கைத் தூக்கிய ஒரு சகோதரியை லோரியில் ஏற்றி என்னிடம் கொண்டுவந்தார்கள். நிமிர முடியவில்லை. நல்லவேளை, பிள்ளைக்கு ஒன்றுமில்லை. ஏன் மறைத்தாய் என்றேன். "வேலையை விட்டு நிறுத்திருவாங்கன்னு பயம், டிரசர் ஐயா" என்றாள்.

கர்ப்ப காலத்தில் இடுப்பு மூட்டுகளைக் கட்டியிருக்கும் நார்கள் தளர்கின்றன. வயிறு முன்னே தள்ளுவதால் முதுகும் வளைகிறது. அப்போது குனிந்து தூக்கினால் பளு முழுவதும் இடுப்பில் இறங்கும்.

ஆகவே:

1. பழம் பொறுக்கும்போது மடித்த சாக்கின்மேல் ஒரு முழங்காலை ஊன்றுங்கள்.

2. நிறைந்த சாக்கைத் தொடாதீர்கள். சின்ன வாளியில் பாதி போதும். உடம்போடு ஒட்டிப் பிடியுங்கள்.

3. திரும்பும்போது இடுப்பை முறுக்காமல், காலை எடுத்து வைத்துத் திரும்புங்கள்.

4. அடிக்கடி நிமிர்ந்து நின்று, தண்ணீர் குடியுங்கள்.

5. இரவில் ஒருக்களித்து, முழங்கால்களுக்கிடையே தலையணை வைத்துப் படுங்கள்.

இரத்தம் பட்டாலோ, நீர் கசிந்தாலோ, விட்டுவிட்டு வயிறு வலித்தாலோ, பிள்ளையின் அசைவு குறைந்தாலோ உடனே கிளினிக்குக் கிளம்புங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

இன்னொன்று. தீபகற்ப மலேசியாவில் 2023 ஜனவரி 1 முதல், கர்ப்பிணி என்பதற்காக வேலைநீக்கம் செய்வது குற்றம். பேறுகால விடுமுறையும் 98 நாள். பயப்படாமல் மண்டோரிடம் முதலிலேயே சொல்லுங்கள். தடை வந்தால் சங்கக் கமிட்டி இருக்கிறது.

கணவன்மார்களே, சாக்கு இனி உங்கள் தோளுக்கு!