4 மாதம் நின்ற புளுகு! விக்கிபீடியாவில் பத்திரிகையாளர் மீது கொலைப்பழி
2005 மே மாதம். யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய விக்கிபீடியாவில், அமெரிக்காவின் மூத்த பத்திரிகையாளர் ஜான் சீகன்தாலர் பற்றி ஒரு ஆசாமி புதுக் கட்டுரை போட்டார். கென்னடி சகோதரர்கள் கொலையில் சீகன்தாலர் மீது சந்தேகம் இருந்ததாம்!

பச்சைப் பொய். ராபர்ட் கென்னடியிடம் உதவியாளராக இருந்தவர் அவர். 1968-ல் அந்தச் சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தவர்.

ஆசாமி ஆதாரம் காட்டவில்லை. "எங்கே படிச்சே?" என்று கேட்க 4 மாதம் ஆளில்லை!

டிசம்பரில் குட்டு உடைந்தது. சக ஊழியரிடம் வேடிக்கை காட்டச் செய்ததாக ஆசாமி ஒப்புக்கொண்டார். சீகன்தாலர் வழக்குப் போடவில்லை.

இப்போது விதி கறார். உயிரோடு இருப்பவர் மீது ஆதாரமில்லாத பழியா? பார்த்த உடனே தூக்கணும். ஏன் தூக்கினோம் என்று ஒரு வரி குறிக்கணும். தகராறா? பேச்சுப் பக்கத்தில் பேசித் தீர்க்கணும்.

ரசீது இல்லாமல் கடைக் கணக்கில் செலவு எழுதுவோமா? அதே கதைதான்!