பழைய ஐரோப்பிய சங்கீதமும் மாணவர் குழாமும்

சங்கீதத்தை ஆராய்தல் வேறு, இசைத்தல் வேறு என்று நம்மிற் பலர் எண்ணுகின்றோம். பழைய ஐரோப்பிய சங்கீதத்தைப் பொறுத்தமட்டில் அவ்வெண்ணம் பொருந்தாதென்பதை ஜெர்மனி தேசத்துச் சர்வகலாசாலைகளின் வரலாறு நமக்குக் காட்டும்.

18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், லைப்சிக் நகரில் மாணவராயிருந்த டெலிமான் தம் தோழரைக் கூட்டி, ‘கொலேகியும் மூசிக்கும்’ என்னும் இசைக்குழாத்தை நிறுவினார். 1729-இல் அதன் தலைமையை ஏற்றவர் பாக் என்னும் பேராசான். அப்பெயரையே கொண்டு 1908-இல் ரீமான் என்னும் பேராசிரியர் அந்நகர்ச் சர்வகலாசாலையில் ஒரு குழாம் அமைத்து, மறக்கப்பட்ட இசைகளை மாணவரைக்கொண்டு இசைப்பித்தார்.

இம்முயற்சி எற்றுக்கெனின், ஏடு எல்லாவற்றையும் கூறாது. 16-ஆம் நூற்றாண்டில் அச்சான பாடற்சுவடிகள் பெரும்பாலும் குரலுக்கு ஒன்றாகத் தனித்தனியே இருந்தன. பாடுவோர் பிறர் பகுதியைக் காணார். செவியாலறிந்தே இயைதல் வேண்டும். அடுத்த நூற்றாண்டில் ஆர்கன் வாசிப்போர்க்குக் கீழ்ச்சுரங்களும் அவற்றுடன் சில எண்களுமே எழுதப்பட்டன. எஞ்சியவற்றை அவரே நிரப்பவேண்டும். இவற்றை இசைத்துப் பார்த்தன்றித் தெளிதல் அரிது.

ரீமானின் மாணாக்கரான குர்லிட், பிரட்டோரியஸ் 1619-இல் வெளியிட்ட நூலில் விவரித்தவாறே, பிரைபுர்க் சர்வகலாசாலையில் 1921-இல் ஓர் ஆர்கனைச் செய்வித்தார். அது 1944-இல் குண்டுவீச்சில் அழிந்தது. எனினும் நூலும், அதன் ஒலியைக் கேட்டுப் பழகிய செவிகளும் எஞ்சியிருந்தன; போருக்குப்பின் அது மீண்டும் அமைக்கப்பட்டது. கற்றலும் இசைத்தலும் ஒன்றையொன்று காத்தவாறு இது.