தம்பி போன பிறகும் பாடிய அண்ணன்

நான் சிறுவனாக இருந்தபோது, ஜார்ஜ்டவுன் வீட்டில் மலாய் வானொலி பாடிக்கொண்டிருக்கும். ஒரு நாள் அப்பா சொன்னார்: "பாடுறது நம்ம பினாங்குத் தமிழ்ப் பையன்கள்தான்டா." நான் நம்பவில்லை. அவ்வளவு சுத்தமான மலாய்!

அந்தக் குழு, அலிகேட்ஸ். டேவிட் ஆறுமுகமும் தம்பி லோகநாதனும் 1960களின் இறுதியில் பினாங்கில் தொடங்கியது. எழுபதுகளில் ஹாங்காங் இரவு விடுதிகளில் பாடித் தேறினார்கள். பிறகு வந்த மலாய் ஆல்பங்கள் அவர்களை நாடு முழுவதும் கொண்டுசேர்த்தன. டேவிட்டின் பந்து போன்ற சுருட்டைமுடியைத் தெரியாத வீடே இல்லை.

2007 ஜூனில் லோகநாதன் நுரையீரல் புற்றுநோயால் காலமானார். இரண்டு குரலில் ஒன்று போனபின் குழுவைக் கலைத்திருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். டேவிட் கலைக்கவில்லை. தொடர்ந்து மேடையேறினார்.

அவர்களுடைய 'அண்டைன்யா அகு பெர்கி டூலு' பாடலின் தலைப்புக்கு, 'நான் முதலில் போய்விட்டால்' என்று பொருள். என் இரவு நிகழ்ச்சியில் அதை ஒலிபரப்பினால், மைக்கை அணைத்துவிட்டு முழுதாகக் கேட்பேன்.

நீங்களும் ஒருமுறை கேளுங்கள். கேட்டு முடித்ததும், பேசி நாளாகிப்போன அண்ணனுக்கோ தம்பிக்கோ ஒரு போன் போடுங்கள்.